ஏழாவது வயர்

மாரிக்கனி எதையும் விற்றுவிடுவாள் என்று ராஜபாளையத்தில் ஒரு பேச்சு உண்டு. ரிவர்ஸ் கியர் விழாத டிராக்டர் ஒன்றை, "இது பின்வாங்கத் தெரியாத வண்டி அண்ணாச்சி, ஒங்கள மாதிரி" என்று சொல்லி தேவதானத்துக்காரர் ஒருவருக்குக் கட்டிவிட்டவள் அவள். குறையை மறைக்கவில்லை, மாலை போட்டுக் காட்டினாள், அவ்வளவுதான். அந்த மனிதர் இன்றைக்கும் அதில்தான் உழுகிறார். வயல் மூலையில் ஒரு பெரிய வட்டமடித்துத் திரும்புகிறார். மாரிக்கனியை எங்கே பார்த்தாலும் கும்பிடுகிறார்.

பிறந்தது வன்னியம்பட்டி. அப்பா சேதுபதி மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிற ஆள். விரல்கள் உள்ளே சண்டை போடும். வாய் வெளியே மழையைப் பற்றிப் பேசும். பத்தாவதில் கணக்கில் தோற்று வீட்டில் இருந்த மாரிக்கனி அப்பா கூடச் சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் வராத கணக்கு துண்டுக்கு அடியில் வந்தது. பிறகு ஊரில் மாடு குறைந்து டிராக்டரும் மொபெட்டும் பெருகின. அதற்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பல்லப் புடிச்சுப் பாக்க வேண்டாம், டயரப் பாத்தாப் போதும். சாணி வேற அள்ள வேண்டாம்" என்று வண்டித் தரகுக்கு மாறிக்கொண்டாள்.

கட்டிக்கொண்டது டிங்கர் பாலகணேஷை. தென்காசி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் அவர் பட்டறை. மனுஷர்களோடு அதிகம் பேச மாட்டார். ஒடுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும்போது மட்டும், "இந்தா, முடிஞ்சிருச்சு, செத்த நேரம் பொறு" என்று அதோடு பேசுவார். கல்யாணமான புதிதில் மாரிக்கனிக்கு மாருதி வேன் கதவு ஒன்றின் மேல் பொறாமையே வந்திருக்கிறது.

இந்த வீட்டுக்குத்தான் அந்தக் கார் வந்தது.

மூடிக்கிடந்த பழைய பஞ்சாலையின் கிட்டங்கியை இடித்தபோது, கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்கு அடியில் கிடைத்தது. பேரு அல்விஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் இங்கிலாந்தில் செய்தது. ரெண்டே கதவு, நீளமான மூக்கு, ஆறு சிலிண்டர். பெரிய மனுஷர்கள் வேட்டி கசங்காமல் நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. வெள்ளைக்காரனிடம் ஏது வேட்டி என்று கேட்கக் கூடாது. மில்காரர் வீட்டுப் பையன், "எடத்தக் காலி பண்ணுனாச் சரி, எடுத்துட்டுப் போங்க" என்று எடைக்குக் கொடுத்துவிட்டான். பாலகணேஷ் அதைக் கோயிலைச் சுற்றுவது போல மூன்று தரம் சுற்றிவிட்டு, "வேணும்" என்றார். அந்த வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

ரெண்டு ஆடி கழிந்தது. உடம்புக்கு உள்ளே இருந்த மரச்சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுப் புதுச்சட்டம் போட்டார். கிடைக்காத சாமான்களைச் சீமையிலிருந்து வரவழைத்தார். கரும்பச்சைப் பெயின்ட் அடித்து, பேண்டேஜ் துணியைச் சுருள் சுருளாக வாங்கி வந்து மெருகு ஏற்றினார். ரோட்டில் போகிறவர்கள், "என்ன பாலகணேஷ், வண்டிக்கு ஆபரேசனா?" என்று கேட்டார்கள். அவர் அடுத்த சுருளைப் பிரித்தார். கடைசியில் ஒரு நாள் பம்பரில் மாரிக்கனி தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிபண்ணிக்கொண்டாள். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இனி விற்க வேண்டியது அவள் பாடு.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில்தான் வண்டித் தரகர்கள் கூடுவார்கள். அவர்களில் மூத்தவர் பாண்டிச்செல்வம் அண்ணாச்சி. பெரிய பேரம் எதுவானாலும் அவர் தோள்துண்டுக்கு அடியில்தான் முடியும். அந்தத் துண்டுக்குள் மாரிக்கனியின் கை போனதே இல்லை. "பொம்பள கையப் புடிச்சு வெல பேச முடியுமா?" என்று அவளை மொபெட்டோடும் பழைய டிராக்டரோடும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அல்விஸ் சேதி தெரிந்ததும் கடையே சிரித்தது.

"ஏ தாயி, அத வாங்க ஒரு கிறுக்கன் பொறந்து வரணும். ஆடிப்பூரத் தேருக்குள்ள நீ வித்துட்டா பாப்போம்" என்றார் பாண்டிச்செல்வம்.

"விக்கலேன்னா?"

"தரக விட்டுட்டு நைட்டி தைக்கப் போயிரு. அங்க ஆள் தேடுதாங்க."

"சரி. வித்துட்டா?"

அப்படி ஒரு கேள்வியே வரவில்லை என்பது போல டீயை ஆற்றினார்கள். மாரிக்கனி பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வரும் வழியில்தான் உறைத்தது. தரகு போனால் அவளுக்கு வேறு என்ன தெரியும்? நைட்டிக்கு ஊசி கோர்க்கக்கூடத் தெரியாது.

போனில் விளம்பரம் போட்டாள். "இங்கிலாந்துப் பிறப்பு, ராஜபாளையம் வளர்ப்பு. நீண்ட மூக்கு, ஓட்டத்தில் கெட்டி. நல்ல கைக்கு மட்டும்." மூன்று பேர் கூப்பிட்டு, குட்டி என்ன விலை என்று கேட்டார்கள். ஊர் பேரைச் சொன்னாலே நாய்தான் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய. போட்டோவைப் பெரிசாகப் போட்ட பிறகு சேத்தூரிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடி, "எம்புட்டுக் குடுக்கும்?" என்று மைலேஜ் கேட்டார். பாலகணேஷ் உண்மையைச் சொன்னார். வந்தவர் கண்ணைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே போய்விட்டார். இன்னொருவர், குலசாமி கோயிலுக்குப் பதினாலு பேர் போக வேண்டும், பின்னால் ரெண்டு கதவு வைத்துத் தர முடியுமா என்றார். பாலகணேஷ் சுத்தியலைக் கையில் எடுத்தார். மாரிக்கனி குறுக்கே வந்து அந்த ஆளைக் காப்பாற்றினாள்.

தேருக்கு ரெண்டு நாள் இருக்கும்போது பிரிஸ்கில்லா கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கம் உப்பளம் வைத்திருப்பவர். பழைய கார் நாலைந்து வைத்திருக்கிறார். "நாளைக்குக் காலையில வாரேன், ஓட்டிப் பாத்துட்டுத்தான் பேச்சு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மாரிக்கனிக்குக் கயிறு ஞாபகம் வந்தது.

மாட்டை விற்கிறவர்கள் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் அதைப் பிடித்துக்கொண்டே போய்விடுவாள். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப்போக வேண்டும். வண்டிக்கு ஏது கயிறு? அதனால் சொந்த வண்டியை விற்கும்போதெல்லாம் எதையாவது ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். ஒரு மொபெட்டில் சாவிக்கொத்துச் சங்கிலி, ஒரு டெம்போவில் கண்ணாடியில் தொங்கிய மணி. அல்விஸில் அப்படி ஒன்றும் தொங்கவில்லை. பாலகணேஷ் குளிக்கப் போன நேரம் பானெட்டைத் தூக்கினாள். உள்ளே கறுப்புக் கறுப்பாக, கயிறு மாதிரியே வயர்கள். எண்ணிப் பார்த்தாள். பிளக்கு ஆறு. வயர் ஏழு. அப்போ ஒன்று உபரி! பிளக்கோடு சேராத அந்த ஒன்றை உருவி எடுத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து ஒரு பூவும் வைத்தாள். பத்தாவதில் கணக்கில் தோற்றவள் என்பதை அன்றைக்கு இன்னொரு தரம் நிரூபித்தாள்.

பிரிஸ்கில்லா டிரைவரோடு வந்து இறங்கினார். காட்டன் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ. பின்னாலேயே பாண்டிச்செல்வமும் ரெண்டு தரகர்களும் வந்தார்கள். சும்மா டீ குடிக்க வந்தோம் என்றார்கள். அந்தப் பக்கம் டீக்கடையே கிடையாது.

பிரிஸ்கில்லா வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். கதவை மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். மெதுவாகத் தலையாட்டினார். பொறவு உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார்.

கிர்ர்... கிர்ர்... அவ்வளவுதான். மறுபடியும் கிர்ர். மறுபடியும் ஒன்றுமில்லை.

"தாயி, வெள்ளக்காரக் காள படுத்துக்கிச்சே. வாலக் கடிச்சுப் பாக்கியா?" என்றார் பாண்டிச்செல்வம். மற்ற ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பாலகணேஷ் பானெட்டைத் திறந்தார். "இங்கன ஒரு வயர் இருந்துச்சே. இக்னிஷன் காயில்ல இருந்து வாரது."

"அது உபரி இல்லையா?" என்று மாரிக்கனி முணுமுணுத்தாள். அவர் காதில் மட்டும் விழுந்தது.

"ஏட்டி, அதுதான் மத்த ஆறுக்கும் கரண்டு கொண்டாருது" என்று அவரும் மெதுவாகவே சொன்னார்.

பிரிஸ்கில்லாவின் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்மா, எங்க ஷெட்லயும் நடக்கும்" என்றார்.

அருமையான பொய். அதுவும் சும்மாக் கிடைத்த பொய். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பிக்கும். மாரிக்கனி வாயையும் திறந்துவிட்டாள். அப்போது பாலகணேஷின் கை கண்ணில் பட்டது. மெருகு போட்டுப் போட்டு ரேகை தேய்ந்த கை. எலி என்றால், இந்த மனுஷன் வண்டியை எலிக்கு விட்டிருந்தார் என்றாகும். அது மட்டும் கூடாது.

"எலி இல்ல மேடம். நான்தான்" என்றாள். கயிற்றுக் கதையை மொத்தமாகச் சொன்னாள். சாமிக்கு வைத்த பூவைக்கூட விடவில்லை.

தரகர்களின் சிரிப்பு கூரைத் தகரத்தை அதிர வைத்தது. "ஆறு பிளக்கு ஏழு வயராம்! தாயி, நைட்டிக்கு ரெண்டு கைதான், மூணாவது உபரின்னு வெட்டிறாத!" என்றார் பாண்டிச்செல்வம்.

பிரிஸ்கில்லா சிரிக்கவில்லை. "அப்போ வாங்குறவதான் புதுக்கயிறு கொண்டாரணும்?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். ஆனா நான் அதையே எடுத்து..."

"எடுக்காதீங்க. அது அங்கனயே இருக்கட்டும்." டிரைவரைப் பார்த்தார். "டிக்கியத் திற." பழைய கார்களோடு மல்லுக்கட்டுகிறவர் என்பதால் டிக்கியில் ஒரு பெட்டி நிறைய உதிரிச் சாமான். அதிலிருந்து ஒரு வயரை எடுத்து, ரெண்டு முனையையும் தானே சொருகினார். "கயிறு கட்டியாச்சு. மாட்ட அவுத்து விடுங்க."

சாவி திரும்பியது. அல்விஸ் ஒரு தரம் செருமிக்கொண்டு, வயிறு நிறைந்த புலி மாதிரி உறும ஆரம்பித்தது. டீ குடிக்க வந்தவர்கள் ரெண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது என்று கிளம்பினார்கள். பிரிஸ்கில்லா ஓட்ட, பக்கத்தில் மாரிக்கனி, பின் சீட்டில் பாலகணேஷ். இடது பக்கம் மலை கூடவே ஓடி வந்தது. மேட்டில் கியரைக் குறைக்காமலே ஏறியது வண்டி. பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். மாரிக்கனி கல்யாணப் பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்னால் மூன்று மோட்டார் சைக்கிளில் தரகர் கூட்டம் துரத்தி வந்தது. கை காட்டிக் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தாள்.

தேர்க் கூட்டம் சேர்ந்திருந்த ஊருக்குள், ஒரு பால்கோவாக் கடை முன்னால் நிறுத்தினார்கள். "சரிக்கா, வெலையச் சொல்லுங்க" என்றார் பிரிஸ்கில்லா.

"வாயால சொன்னா ஊரே கேக்கும் மேடம். ஏங்க, துண்டக் குடுங்க."

பாலகணேஷ் துண்டைக் கொடுக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரிஸ்கில்லாவைப் பார்த்தார். "உப்புக் காத்துல நிறுத்துவீங்களா?"

பேரத்தைக் கெடுக்கிறாரே என்று மாரிக்கனிக்குப் பகீரென்றது. ஆனாலும் அவர் கையிலிருந்து துண்டைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் பிடுங்க முடியும்.

பிரிஸ்கில்லா அவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, கார் ஷெட்டு கோவில்பட்டியில இருக்கு. உப்புக் காத்துல காயுறது நான் மட்டுந்தான். வருசத்துக்கு ஒருக்கா நீங்க வந்து பாருங்க. வண்டி அனுப்புதேன்."

துண்டு கைமாறியது.

பெயின்டும் கிரீஸும் படிந்த அந்தத் துண்டுக்கு அடியில் ரெண்டு பொம்பளைகளின் கைகள் போயின. முதலில் விரல் பாஷையை மாரிக்கனி காதோடு சொல்லிக்கொடுத்தாள். பொறவு பேரம் நடந்தது. வாய் உப்பு விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசியது. பிரிஸ்கில்லா ஒரு விரலை மடக்கினார். மாரிக்கனி அதை நிமிர்த்தினாள். அவர் மறுபடி மடக்கினார். இவள் ரெண்டை நிமிர்த்தினாள். பாண்டிச்செல்வம் முழங்கை அசைவை வைத்தே தொகையைக் கண்டுபிடிக்கப் பார்த்து, கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார்.

கடைசியில் ரெண்டு கையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தன. துண்டு விலகியது. பிரிஸ்கில்லாவின் கை கிரீஸில் கறுத்திருந்தது. முகம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"முடிஞ்சிருச்சு!" என்று மாரிக்கனி போட்ட சத்தத்தில் கடைக்காரர் ஒரு கரண்டிப் பால்கோவாவைக் கீழே போட்டார்.

பாலகணேஷ் கார்க் கதவில் பதிந்திருந்த யாரோ ஒருவருடைய விரல் தடத்தைத் துடைத்தார். பொறவு இன்னொரு தரம் துடைத்தார். மாரிக்கனி அதைப் பார்க்காத மாதிரி போய், ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கி வந்து அவர் கையில் திணித்தாள். "தின்னுங்க. கை சும்மா இருந்தாத்தான் துடைக்கத் தோணும்."

பாண்டிச்செல்வம் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "எம்புட்டுக்குத் தாயி முடிஞ்சுது?"

"துண்டுக்குள்ள பேசினது துண்டுக்குள்ளயே இருக்கட்டும் அண்ணாச்சி. நான் தோத்தா என்னன்னு அன்னைக்குச் சொன்னீங்க. செயிச்சா என்னன்னு சொல்லல. இப்ப நான் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. சேத்தூர்ல இருந்து இந்த ஊர் வரைக்கும், கார் லாரி எது பேரத்துக்கு வந்தாலும், ஒங்க துண்டுக்குள்ள என் கையும் வரும்."

மற்ற ரெண்டு தரகர்களும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் செத்த நேரம் காரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பொறவு தோளிலிருந்து துண்டை உருவி அவள் முன்னால் நீட்டினார்.

மாரிக்கனி ரெண்டு விரலால் அதன் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல தொவச்சுக் கொண்டாங்க அண்ணாச்சி" என்றாள். "நாளைக்குக் காலையில டீக்கடைக்கு வாரேன்."