பெரியவர்கள் மேற்பார்வையில் எட்டுப் பாட்டு

யோகலட்சுமியின் முதல் ராக் ஆல்பத்துக்கு ‘வெயில் போதும்’ என்று பெயர். சென்னை ஸ்டூடியோவில் பதினோரு நாள் தொண்டை கட்டக் கட்டப் பாடி, கிதாரும் வாசித்து முடித்த எட்டுப் பாட்டு. கேட்டவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். ஓர் இணையதளம் ‘சத்தம் அதிகம்’ என்று எழுதியது. சிவகாசிக்காரியிடம் போய்ச் சத்தத்தைக் குறை சொன்னால் உறைக்குமா? அவளுக்கு உறைத்தது ஒன்றே ஒன்றுதான்: அப்பா நவநீதகிருஷ்ணன் ஒரு பாட்டைக்கூடக் கேட்கவில்லை.

மனிதர் தடுக்கவும் இல்லை. எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனி நடத்துகிறவர். எப்போது கேட்டாலும் சீசன் முடியட்டும் என்பார். அங்கே சீசன் என்றைக்கு முடிந்திருக்கிறது?

அவளும் விடவில்லை. அப்பா கம்பெனியின் தீபாவளிப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்களுக்குள் போட, ஆல்பத்தின் கியூஆர் கோடுடன் சின்ன அட்டை அடிக்கச் சொன்னாள். அச்சக அய்யாதுரை முப்பது வருடமாக வெடி லேபிள் அடிப்பவர். கைப்பழக்கத்தில் அட்டையின் அடியிலும் அந்த வரியைச் சேர்த்துவிட்டார்: ‘பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தவும்.’ லோடு ஏற்ற லாரி வந்து நின்றது, மாற்ற நேரமில்லை. யோகலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது.

தீபாவளிக்கு மறுநாளிலிருந்து ஆல்பப் பக்கம் வழியாக அவள் போனில் செய்திகள் வந்து விழுந்தன. பிள்ளைகள் அட்டையைக் காட்டி வீட்டுப் பெரியவர்களை இழுத்து உட்கார வைத்திருந்தார்கள். திண்டுக்கல்காரர் ஒருவர் தலைவலி மாத்திரை போட்டதாக எழுதியிருந்தார். சேலத்தில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவரோ, ஒரு சிறுமி அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி ஆனைக்குட்டம் அணைக்குப் போவதைச் சொல்லும் ஐந்தாவது பாட்டைக் கேட்டுவிட்டு, வெளியூரில் இருக்கும் மகளுக்கு உடனே போன் போட்டேன் என்று எழுதியிருந்தார்.

அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள்.

“சேலத்துல ஆரோ ஒருத்தரு கேட்டுட்டாரு. பெத்தவன் கேக்கலியே தாயி,” என்றார். “போடு.”

முதல் மூன்று பாட்டுக்கு வேப்பங்கொழுந்தை மென்றவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை போன் அடித்தது, எடுக்கவில்லை. எட்டும் முடிந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்க அவளுக்குப் பயம்.

“பாதி எனக்கு வெளங்கல,” என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அந்த அஞ்சாவத மட்டும் இன்னொரு வாட்டி போடு. ஒங்கம்மாவையும் கூப்பிடு.”