அம்மா தைத்த சீட்

மாநில அளவிலான கயாக் படகுப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து பெண்கள் பிரிவில் ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. இடம் எனக்கா, குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வரும் என் தோஸ்துக்கா என்பதுதான் கேள்வி. எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. தலைக்கனம் என்று நினைக்க வேண்டாம், எல்லார் கண்ணுக்கும் தெரிந்த விஷயம் அது.

மாதம் ஒருமுறை பயிற்சியாளர் எங்கள் உடல்திறனைச் சோதிப்பார். கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குவது, பெஞ்சில் குப்புறப் படுத்து எடையை இழுப்பது, மைதானத்தைச் சுற்றி ஓடுவது. மூன்றிலும் நான்தான் முதல். அவள் நாலாவது தடவைக்கே கம்பியை விட்டுக் குதித்துவிடுவாள். ஓடி முடித்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் ஏரியில் இறங்கினால் அவள் படகுதான் முன்னால் போகும், அதுவும் தினமும்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பலம் போதவில்லையோ என்று இன்னும் எடை தூக்கினேன். கைதான் பருத்தது. பயிற்சியாளரும் குழம்பினார். தண்ணீரில் சோம்பல்படுகிறேன் என்று ஒரு வாரம் திட்டினார், அளவுக்கு மீறி இழுக்கிறேன் என்று மறுவாரம் திட்டினார். ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் செய்ய முடியும் என்று கேட்க வாய் வரை வந்தது.

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சௌகரியம் எனக்கு இருந்தது. கயாக் சீட் வழவழப்பான பிளாஸ்டிக். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உயிர் போகும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்த அம்மா, தோல் துண்டுகள் விற்கும் கடையில் தேடி சொரசொரப்பான நல்ல ஸ்வேட் தோலாக வாங்கி வந்தாள். அடியில் ஸ்பாஞ்ச் வைத்து, சீட்டின் வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். சொல்யூஷன் பூசி ஒட்டினேன். உட்கார்ந்தால் ஒரு நூல் நகராது. தோஸ்த் தனக்கும் ஒன்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லி இழுத்தடித்தேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் படகில் ஓட்டை விழுந்தது. அவள் படகை வாங்கி ஒரு சுற்று போனேன். சீட்டில் இப்படியும் அப்படியும் வழுக்கியது. இரண்டு தடவை கவிழப் பார்த்தேன். கரைக்கு வந்தபோது பயிற்சியாளர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வேகத்தில் நான் அதுவரை போனதில்லையாம்.

அதன்பிறகுதான் என் படகுக்குள் குனிந்து பார்த்தார். அத்தனை மாதமும் அவர் என் கையைத்தான் பார்த்திருக்கிறார். துடுப்பு இழுக்கும்போது எந்தக் காலால் மிதிக்கிறோமோ அந்தப் பக்கத்து இடுப்பு சீட்டில் பின்னால் வழுக்கிப் போக வேண்டும், உடம்பு திரும்ப வேண்டும், வேகம் அங்கிருந்துதான் வரும் என்றார்.

"இந்தத் தோலு உன்ன புடிச்சி வச்சிருக்கும்மா. பிச்சி எறி."

பிய்த்தேன். தையல் கடைசிவரை விடவில்லை. ஓட்டையை அடைத்து, வெறும் சீட்டில் ஒரு நாள் வேகமாகப் போனேன், மறுநாள் கவிழ்ந்தேன். இடுப்பைத் திருப்ப நினைத்தால் கை தானாக இழுத்தது.

தேர்வு நாளில் அம்மா அரை நாள் லீவு போட்டு வந்து கரையில் நின்றாள். தோஸ்திடம் அரைப் படகு நீளத்தில் தோற்றேன். ஸ்வேட்டால் தோற்றேனா, பத்து நாள் போதவில்லையா, இல்லை அவள்தான் என்னைவிட நன்றாகத் துடுப்புப் போடுகிறவளா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்று எல்லார் மேலும் கோபம் வந்தது, அம்மா மேலும்தான். அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என் கையை எடுத்து மடியில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"உனக்குத் தெம்பு பத்தல, வேற இன்னா? நாளைலேர்ந்து ரெண்டு முட்டை ஜாஸ்தி."

மாவட்டத்திலேயே தெம்பு ஜாஸ்தி உள்ளவள் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் எதனால் தோற்றாய் என்று கேட்பாள். சரிம்மா என்றேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்திலும் நாலு முட்டை அவித்து, உரித்து, மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாலையும் தின்றேன்.