மடித்து வைத்த துப்பாக்கி

போன சனிக்கிழமை ஒரு துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதை யாராவது திரும்ப நீட்டுவார்களா என்று மூன்று மணி நேரம் காத்திருந்தேன்.

பதற வேண்டாம். சண்டைக்கு ஒன்றும் போகவில்லை. மண் தட்டுச் சுடப் போயிருந்தோம்.

நான் சுவிஸில், பேர்ன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் காய்கறி வெட்டுகிறவன். அங்கே தலைமைச் சமையல்காரர் ரூடி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரூடியும், அவர் மனைவி விரேனியும், ஓய்வுபெற்ற தபால்காரர் வால்டரும் பரம்பரையாக வந்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு சரளைக்கல் தோண்டியெடுத்த ஒரு பழைய கிரவல் குழிக்குப் போவார்கள். கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிஸ் அளவு மண் தட்டு ஒன்றை ஸ்பிரிங் மெஷின் வானத்தில் வீசும். அது தரையில் விழுமுன் சுட்டு நொறுக்க வேண்டும். பறவை சாவதில்லை, பரிசு கிடையாது, தோற்றவரை யாரும் நக்கல் அடிப்பதில்லை. முடிந்ததும் கோப்பி. அவ்வளவுதான் விளையாட்டு.

"இந்த முறை நீயும் மனைவியும் வாருங்கள்" என்றார் ரூடி.

எனக்கு ஆசை. சின்ன வயதில் பிளாஸ்டிக் துப்பாக்கியில் கேப் வெடித்துத் திரிந்தவனுக்கு இருக்காதா என்ன? ஆனால் மலர்...

என் மனைவி மலர் ஊரிலிருந்து வந்து நாலு மாதம். அங்கே யுத்த காலத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நேரமெல்லாம் அவளுக்கு நேரே ஒரு குழல் நீண்டிருந்திருக்கிறது. அதைப் பற்றி அவள் அதிகம் கதைப்பதில்லை. இங்கே வந்த முதல் வாரமே ரயிலில் ஓர் இளைஞன் துப்பாக்கியோடு ஏறினான். இந்த நாட்டில் ஆண்கள் ராணுவப் பயிற்சிக்குத் துப்பாக்கியோடு ரயிலில்தான் போவார்கள் — நாம் குடை கொண்டு போவது போல. நான் எவ்வளவோ விளக்கினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மைல் நடந்தோம்.

சரி, நடந்துவிடலாம். ஆனால் அவளுக்குத் தூன் நகரில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை கிடைத்திருந்தது. நாங்கள் இருக்கும் ஓஸ்டர்முண்டிகனில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் தூன். அந்தத் தூனில்தான் பெரிய ராணுவ முகாமும். முதல் நாள் கிளம்பிப் போனவள், பிளாட்பாரத்தில் துப்பாக்கியோடு நின்ற ஒருவனைப் பார்த்ததும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஹோட்டல்காரி நல்ல மனுஷி. காய்ச்சல் என்று நான் சொன்ன பொய்யை நம்பி, இரண்டு வாரம் தள்ளி இன்னொரு திங்கட்கிழமை தந்தாள். அன்றைக்கும் போகாவிட்டால் வேலை இல்லை. எனக்கோ காலை ஐந்து மணி ஷிப்ட், கூடப் போக வழியில்லை. வேலை போனால்கூடப் பரவாயில்லை. நாலு சுவருக்குள் அடைந்துகிடந்தே இவள் ஆளே மாறிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால்தான் ரூடியின் சனிக்கிழமை வந்தது.

மலரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஊர்ப் பேச்சில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"துவக்குச் சத்தம் வேண்டாம் எண்டுதானே இஞ்ச வந்தனாங்கள்" என்றாள். பிறகு, "நீங்கள் தனியப் போகவேண்டாம். நானும் வாறன். ஆனா காருக்குள்ளதான் இருப்பன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். கிரவல் குழியில் ரூடி காரை நிறுத்தியதும் கண்ணாடியை இறுக ஏற்றிக்கொண்டு, காதில் பஞ்சோடு பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே நல்ல வெயில். தூரத்து மலைகளில் பனி. வால்டரின் துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்தது, அவருக்குப் பாட்டன் வழியாக வந்தது. அதன் இரும்பில் ஒரு முயலைச் செதுக்கியிருந்தார்கள். தடவித் தடவித் தேய்ந்து அந்த முயலுக்கு இப்போது காது இல்லை. "ஹொப்!" என்று விரேனி குரல் கொடுப்பாள், ரூடி மெஷினின் கயிற்றை இழுப்பார், தட்டு பறக்கும்... டம். வானத்தில் ஒரு கறுப்புத் தூசி. மூவரில் விரேனிதான் பெரிய சூரி, குறி தவறுவதே அபூர்வம். பார்த்துக்கொண்டு நிற்கவே மனம் நிறைந்தது.

அப்போதுதான் ரூடி என் பக்கம் திரும்பி, சுடுகிறாயா என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன்? வேண்டாம் என்றேன்!

நம் வீடுகளில் என்ன வழக்கம்? தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால், இப்பதான் குடிச்சனாங்கள் என்போம். வீட்டுக்காரர் இன்னொரு தரம் கேட்பார். சும்மா கஷ்டப்படாதையுங்கோ என்போம். மூன்றாம் தரம் கேள்வியே இல்லாமல் தேத்தண்ணி வந்துவிடும். முதல் தரமே ஓம் என்று தலையாட்டுகிறவனை தேத்தண்ணிக்கு அலைந்தவன் என்று நினைக்க மாட்டார்களா?

சுவிஸ்காரர் ஒரே ஒரு தரம்தான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன். எத்தனை ஆப்பிள் கேக்கை இப்படிக் கோட்டை விட்டிருக்கிறேன்... இன்னும் புத்தி வரவில்லை. ரூடி மரியாதையாகத் தலையசைத்துவிட்டுத் தன் முறைக்குப் போய்விட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதே நேரம் விரேனி கார்க் கண்ணாடியைத் தட்டி, மலரிடம் கோப்பி வேண்டுமா என்று கேட்டாள். மலரும் அழகாகச் சிரித்து வேண்டாம் என்றாள். விரேனி பிளாஸ்கை மூடிக்கொண்டு போய்விட்டாள். மலர் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"இவையள் ரெண்டாந்தரம் கேக்கமாட்டினமோ?"

மாட்டார்கள் என்றேன். அவள் பிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. கோப்பிதான் அவளைக் காரிலிருந்து இறக்கியது. வேறு காரணம் எதுவும் சொல்லிப் பெருமைப்பட மாட்டேன்.

கோப்பி குடிக்கும்போது அவள் கண் விரேனியின் கையிலேயே இருந்தது. இந்தப் பழைய துப்பாக்கிகளுக்கு நடுவில் ஒரு மூட்டு உண்டு. சுட்டு முடிந்ததும் அதை இரண்டாக மடித்து, குழல்களின் பின்வாயைத் திறந்து, முழங்கையில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று தூரத்தில் வருகிறவனுக்கும் தெரிய வேண்டும். நண்பர்கள் நடுவே மூடிய துப்பாக்கியோடு நிற்பது அவர்களிடம் பெரிய மரியாதைக் குறைவு. அடுத்தவர் கையில் கொடுக்கும்போதும் திறந்து காட்டித்தான் கொடுப்பார்கள்.

ஏன் மடித்து வைத்திருக்கிறாள் என்று மலர் என்னைக் கேட்டாள். நான் விரேனியைக் கேட்டேன். விரேனி மடித்த துப்பாக்கியை அப்படியே தூக்கி, குழல்களின் பின்பக்கத்தை மலரின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

மலர் பின்னால் ஓர் அடி வைத்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். நானும் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். இரண்டு வட்டங்களில் வானம் தெரிந்தது.

அவள் அப்படியே நின்றாள். அவளுக்கு முன்னால் எத்தனையோ பேர் துப்பாக்கி நீட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிறதா, இல்லையா என்று ஒருவராவது திறந்து காட்டியிருப்பார்களா?

விரேனி கேட்டாள், சுடுகிறாயா என்று. ஒரே ஒரு தரம்தான் கேட்டாள்.

"யா" என்றாள் மலர். எனக்குத் தெரிந்து அவள் முதல் கேள்விக்கே சொன்ன முதல் ஆமாம் அதுதான். பெண் பார்க்கப் போனபோது எனக்குக்கூட அது கிடைக்கவில்லை.

மூன்று தட்டுச் சுட்டாள். ஒன்றிலும் படவில்லை. மூன்றும் முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தன. ஆனால் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் யாரும் சொல்லாமலே துப்பாக்கியை மடித்து, வெறும் தோட்டாவை எடுத்துவிட்டு, விரேனிக்குத் திறந்து காட்டினாள். வால்டர் புல்லில் தேடி உடையாத தட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். அது இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவி போட்டு வைக்கிறாள்.

திங்கட்கிழமை வந்தது. நான் நாலரை மணிக்குக் கிளம்பும்போது சாவி அந்தத் தட்டில்தான் கிடந்தது. அன்று நான் வெட்டிய கேரட்டைக் கண்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒன்று தடியன், ஒன்று ஒல்லி. பத்து மணிக்கு ரூடி வந்து, அடுத்த மாதமும் குழிக்கு... என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும் முன்பே ஓம் என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். விரேனி மலரைத்தான் கேட்கச் சொன்னாளாம். வேண்டுமென்றால் நானும் வரலாமாம்.

பின்னேரம் வீட்டுக்கு ஓடினேன். தட்டில் சாவி இல்லை. அரை மணி நேரம் ஜன்னலில் நின்றேன். மலர் வந்தாள், சாவியைத் தட்டில் போட்டாள், கைகழுவிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். வேலை பரவாயில்லையாம். ஹோட்டல் பெட்ஷீட்டுகள்தான் சரியான பாரமாம்.

ரயிலில் ஆமிக்காரர் யாரும் ஏறினார்களா என்று மெல்லக் கேட்டேன்.

"ஓம். ஒருத்தன் எனக்கு நேர முன்னால வந்து இருந்தான். துவக்கைக் காலுக்கிடையில நிமித்தி வைச்சுக்கொண்டு தூன் வரும் மட்டும் நித்திரை."

"நீர் என்ன செய்தனீர்?"

"பயமாத்தான் இருந்தது. ஆனா இறங்கேல்லை" என்றாள். இரண்டு வெங்காயம் உரித்து முடித்தாள். பிறகு நிஜமான எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"எண்டாலும் மடிச்சு வைச்சிருக்கேல்லை, பாருங்கோ. அவனுக்கு ஒருத்தரும் மரியாதை சொல்லிக் குடுக்கேல்லையாக்கும்."