நொடிக்கு ஒரு கோடு

சுண்டெலி என்றால் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாக ஃபைபர் கேபிள் ஒட்டும் வேலை. நாய் குரைத்தால் ஏணியை விட்டு இறங்கமாட்டாள். ஏணி ஆடினால் மேலே ஏறமாட்டாள். மேற்பார்வையாளர் தும்மினால்கூட, என்ன தப்பு செய்தோமோ என்று அவள் முகம் வெளுத்துப்போகும். கேலிக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் தலைமுடி கனத்தில் இருக்கும் கண்ணாடி இழையை ஒட்ட உட்கார்ந்துவிட்டால் மட்டும் அந்தக் கை நடுங்கியதே கிடையாது.

அவள் பார்த்துக்கொண்ட கடைவீதி முழுவதற்கும் ஒரே இழைதான். இருபத்துச் சொச்சம் இணைப்புகளின் ஒளியும் அதற்குள் ஒரே நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு ஓடும். அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிக் குறியீடு உண்டு. ஒளி மினுக்கி மினுக்கி அணைகிற ஒரு தாளம் என்று வைத்துக்கொள்ளலாம். மறுமுனையில் இருக்கும் பெட்டி தன் தாளத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் அதற்குச் சந்தை இரைச்சல். பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பொடிப் பொத்தான்களைத் தள்ளி அந்தக் குறியீட்டை வைப்பதும் சுண்டெலியின் வேலைதான்.

குடிநீர் நிலையத்தின் குளோரின் கொட்டகையும் அதே இழையில் இருந்தது. கொட்டகைக்குள் காற்று சுத்தமாக இருக்கும்வரை அங்கிருந்து நொடிக்கு ஒரு துடிப்பு கிளம்பி, ஊருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேரும். துடிப்பு நின்றால் வாயு கசிகிறது என்று பொருள். உடனே அந்த அறையிலிருக்கும் பெட்டி கொட்டகை வாசலில் சங்கை ஊதவைக்கும். தினமும் பகல் பன்னிரண்டேகாலுக்கு அந்தக் கொட்டகைக்குள் போய் உருளைகளைப் பார்த்துவருவது சுண்டெலியின் தங்கை.

ஒரு திங்கட்கிழமை, துணிக்கடை ஒன்றில் கேமரா இணைப்புக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் கடைக்காரர் கூப்பிட்டார்.

"ஏம்மா, நேத்துப் போட்டுட்டுப் போனியே, வீட்டுல என் சம்சாரம் உக்காந்து கடையப் பாக்கறா. படத்துல ஒரு கோடு வந்துக்கிட்டே இருக்காம். நொடிக்கு ஒண்ணு, கடிகாரம் மாதிரி."

"இணைப்பு லூசா இருக்கும்ண்ணே. மத்தியானம் வந்து பாக்கறேன்."

பன்னிரண்டேகால் மணிக்கு, மூன்று தெரு தள்ளி ஒரு இணைப்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மறுபடியும் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம்.

"நீ வரவேண்டாம்மா. கோடு தானா நின்னுபோச்சு. இப்பக் கண்ணாடி மாதிரி இருக்காம்."

"சரிண்ணே" என்று சொல்ல வாய் திறந்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நொடிக்கு ஒன்று. அந்த இழையில் நொடிக்கு ஒரு முறை துடிப்பது ஒன்றே ஒன்றுதான். பையிலிருந்த பட்டியலை இழுத்துப் பார்த்தாள். கொட்டகைக்குப் பதினேழு, துணிக்கடைக்குப் பத்தொன்பது. கடைப் பெட்டியிலும் வீட்டுப் பெட்டியிலும் தன் கை பதினேழில் பொத்தானைத் தள்ளிய காட்சி கண்முன் வந்தது. கட்டுப்பாட்டு அறைப் பெட்டி இப்போது கேமராவின் ஒளியைக் கொட்டகையின் துடிப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. கொட்டகையின் துடிப்பு நின்றுவிட்டது, யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணே, வைக்காதீங்க! உங்க பக்கத்துல கறுப்புப் பெட்டி இருக்குல்ல, பிளக்கப் பிடுங்குங்க!"

"இப்பதானே நல்லா வருது? ஏன் பிடுங்கணும்? கடை நெறய ஆளு இருக்கு."

"பிடுங்குங்கண்ணே!"

"நீ வந்து பாத்துட்டு..."

"யோவ், பிடுங்குய்யா! எந்தங்கச்சி செத்துப்போவா!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. போனில் எதுவோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. "பிடுங்கிட்டேம்மா" என்றார் அவர், மூச்சு வாங்க.

அப்போது மணி பன்னிரண்டு பதினேழு.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். "கொட்டகையில சங்கு ஊதுதா?"

"இப்பதான் ஊத ஆரம்பிச்சிருக்கு. அதுவரைக்கும் பச்சைதான் எரிஞ்சுது. உனக்கு எப்படித் தெரியும்?"

இணைப்பைத் துண்டித்தாள். தங்கையின் நம்பரைப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. வேலை நேரத்தில் கைபேசி அலமாரிக்குள் இருக்கும் என்பது தெரியும். தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தாள். அன்று காலையில் தங்கை இரவல் வாங்கிப்போன குடை ஞாபகம் வந்தது. ஒழுங்காகத் திருப்பிக் கொடு என்று சள்ளென்று விழுந்திருந்தாள். வண்டிச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. பத்தொன்பதாவது தடவை யாரோ எடுத்தார்கள். நிலையத்துக் காவலாளி.

"உங்க தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. உசுரு இருக்கும்மா. உள்ள ரெண்டு எட்டு வெச்சிருக்கு, சங்கு ஊதுனதும் வெளிய ஓடியாந்திருச்சு."

மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். நான்காம் நாள் தங்கைக்குக் குரல் வந்தது, தகரத்தில் ஆணியை இழுத்தது போல.

அதற்குள் மேற்பார்வையாளர் சுண்டெலியைத் தனியாக அழைத்துப் பேசியிருந்தார். "பெட்டி பழுதுன்னு எழுதிடலாம்மா. யாருக்கும் தெரியாது." அவள் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்துவிட்டு, விடிந்ததும் போய், பொத்தானைத் தப்பாக வைத்தது தான்தான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். கொட்டகைக்குத் தனி இழை போட்டார்கள்.

எழுதிக் கொடுத்ததைத் தங்கையிடம் சொன்னபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கோவமாடி?"

"கோவந்தான். நீ வெச்ச பொத்தானாலதான் உள்ள போனேன்." இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா அந்தக் கடைக்காரரப் போய் 'யோவ்'னியாமே? எல்லாரும் அதையேதான் சொல்லிச் சிரிக்கறாங்க."

சுண்டெலிக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகும் குறியீடு வைத்துவிட்டு வந்த நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது. பாதி வழி போனவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, கடை சாத்தும் நேரத்தில் கதவைத் தட்டுவாள்.

"ஒரு நிமிஷம்ண்ணே, அந்தப் பெட்டியைத் திரும்ப ஒருக்கப் பாத்துக்கறேன்."