கேமராவுக்காகக் குனிந்தேன்

அரியலூரில் ஒரு சிமென்ட் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவன் நான். இடுப்பு வலி உயிரை வாங்கியது. பெரம்பலூரிலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் வந்தார். என் இடுப்பில் பட்டன் பட்டனாக ஏதோ கருவிகளை ஒட்டி, நான் மூட்டை தூக்குவதைப் படம் பிடித்துப் போனார். என் கீழ் முதுகெலும்பை அப்படியே கம்ப்யூட்டருக்குள் செய்துவிடுவாராம். அதில் பாரம் அதிகம் என்று தெரிந்தால் என்னைப் பாரம் தூக்காத எடை மேடை வேலைக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மறுவாரம் வந்தவர், "பெருசா பாரம் விழலைண்ணே" என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்ப நான் நடிக்கிறனா? உங்க கம்ப்யூட்டர வந்து ஒரு மூட்ட தூக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

கூட வேலை பார்க்கும் செல்வம் சிரித்தான். "யோவ், கேமராவப் பாத்ததும் முட்டிய மடக்கி, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்டம் குனிஞ்சியே! தெனம் அப்படியா தூக்குற?"

உண்மைதான். முதலாளி பார்ப்பாரே என்று பயந்து, சுவரில் ஒட்டிய பாதுகாப்புப் படத்து ஆளைப்போலத் தூக்கியிருந்தேன்.

அந்தப் பெண் மறுபடி பட்டன் ஒட்டினார். வழக்கம்போல இடுப்பைத் திருகித் தூக்கினேன். சற்று நேரத்தில் திரையில் கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவே ரத்தச் சிவப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எந்திரிச்சா ஒடஞ்சிருமாம்மா?"

"ஒடையாதுண்ணே. இப்பத்தான் கணக்கு சரியா வருது."

எடை மேடைக்கு வந்துவிட்டேன். கோபம் மட்டும் ஆறவில்லை; இப்போது அது என்மேலேயே. முன்பு வலிக்காகப் போனபோது டாக்டர் குனியச் சொன்னார்; அவருக்கும் அந்தப் படத்து ஆளைத்தான் காட்டினேன். என் வலியை நம்பவில்லை என்று ஊரையே திட்டியவன், என் முதுகை யாருக்கும் காட்டியதே இல்லை.