பதினோராம் கட்டையில் யாருக்கும் சொந்தமில்லாத பன்னிரண்டு கெஜம்

ரயில் இருக்கும்போது கிள்ளானுக்கு மாட்டு வண்டியில் போவானேன் என்று என் மனைவி கேட்டாள். தீபாவளி கழிந்த பத்தாம் நாள் கிள்ளானிலிருந்து சேதி வந்திருந்தது. தங்கை அஞ்சலையின் புருஷன் கோவிந்தன் ஓட்டிவந்த சாமான் வண்டி பதினோராவது மைல் கல்லான பதினோராம் கட்டையருகே குடைசாய்ந்து, சக்கரத்துக்கு அடியில் சிக்கிய வலது காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் அந்தச் சடக்கைச் செப்பனிடும் காண்டிராக்டரிடம் நான் அளவுக்காரன். எந்தக் கங்காணியின் ஆட்கள் எதுவரை கல் போட வேண்டும் என்று அளந்து காட்டுவது என் வேலை. விழுந்த இடத்தைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

விடிகாலை ஐந்து மணிக்குக் கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினோம். கிள்ளான் இருபது மைல். வண்டிக்காரர் பெருமாள் அண்ணன் ஒரு வெள்ளி கூலி கேட்டார், மூட்டைகளுக்கு நடுவே இடம் கொடுத்தார். கடைத்தெரு நடைபாதையில் பாதி உடைந்து கிடந்தது, மீதியில் அரிசி மூட்டைகள். நடக்கிறவர்கள் சேற்றில்தான் நடக்க வேண்டும். தினமும் பார்க்கிற தெருதான், அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஐந்தாம் கட்டை வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கப்புறம் லோரிகள் உழுதுவிட்ட தடம். எட்டரை மணிக்குச் சுங்கை வே என்ற ஊரில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஒரு கோப்பி குடித்தோம். இருபுறமும் பால் வடியும் கித்தா மரங்கள், நடுவே செங்குழம்பாகச் சடக்கு. மணி பத்து இருக்கும்போது பெருமாள் அண்ணன் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"இங்கதாங்க. இறங்கி நடந்துடுங்க, வண்டி ஆளில்லாமத்தான் தாண்டணும்."

முழங்கால் ஆழக் குழி. அதன் ஓரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த பழைய மைல் கல். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வளைவை நேராக்கியதால் சடக்கின் நீளம் குறைந்தது, மைல் கட்டைகளைத் தள்ளி நட்டோம். பழைய கல்லைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அதற்குள் வண்டிக்காரர்கள் அதை முனியாண்டியாக்கிச் சூடம் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். சாமிக் கல்லில் கடப்பாரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டேன். புதுக் கட்டை கிள்ளான் பக்கமாகப் பன்னிரண்டு கெஜம் தள்ளி நிற்கிறது.

கொஞ்ச தூரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கோலாலம்பூர்ப் பக்கத்துக் கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சாமிக் கல்லு வரைக்கும்தாங்க நம்ம வேல. அந்தாண்ட கிள்ளான் ஆளுங்களுது."

"கிள்ளான் ஆளுங்க?"

"அவங்க புதுக் கட்டையில ஆரம்பிக்கிறாங்க. நீங்கதானே அளந்து விட்டீங்க?"

அவர் குற்றம் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். சூடம் ஏற்ற வண்டிகள் ஒதுங்கி நின்று நின்று, யாரும் கல் போடாத அந்த இடம் குழியாகிவிட்டது.

கிள்ளான் சேர மாலை மூன்றரை. கோவிந்தன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அஞ்சலை தண்ணீர் கொடுத்தாள். செம்பைக் கீழே வைக்குமுன் சொல்லிவிட்டேன்.

"அந்தக் கல்ல விட்டு வச்சது நான்தான் மாப்பிள்ள."

அஞ்சலை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"பிடுங்கியிருந்தா நாங்களே உங்கள அடிச்சிருப்போம் மச்சான்" என்றான் கோவிந்தன். "நானுந்தான் வாரம் ரெண்டு தடவ அந்தக் குழியப் பாத்துக்கிட்டே சூடம் ஏத்துனேன். ரெண்டு கல்ல அள்ளிப் போடத் தோணல."

மறுநாள் நான் கிளம்பும்போது அவன் வாசல் பக்கம் கை காட்டினான். ஒரு கூடை நிறையக் கல். தன் பேரில் அதைக் குழியில் கொட்டச் சொன்னான். அஞ்சலை வழியனுப்ப வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில் கொட்டினேன். அங்கேயே இரண்டு கங்காணிகளையும் நிற்க வைத்து, பன்னிரண்டு கெஜத்தையும் கோலாலம்பூர்ப் பக்கத்தாரிடம் அளந்து ஒப்படைத்தேன். இரண்டு வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டியது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: அவசரமென்றால் ரயிலில் போங்கள். வண்டியென்றால் மழைக்காலத்தில் ஐந்து மணிக்கு முன்பே கிளம்புங்கள், சுங்கை வே தாண்டினால் சாப்பாடு கிடைக்காது. குழி இப்போது முக்கால்வாசி மூடிவிட்டது, ஆனாலும் சாமிக் கல்லருகே இறங்கி நடங்கள். சூடம் ஏற்றுவதானால் ஏற்றுங்கள், கூடவே ஒரு கல்லும் போடுங்கள்.

போன வாரம் பெருமாள் அண்ணனைப் பார்த்தேன். கிள்ளானிலிருந்து அவர் கிளம்பும்போதெல்லாம் அஞ்சலை ஒரு கூடைக் கல் ஏற்றிவிடுகிறாளாம், குழியில் கொட்டச் சொல்லி. எனக்கு ஏதாவது சொல்லி அனுப்பினாளா என்று கேட்டேன். இல்லை என்றார்.