ரப்பர் கிண்ணத்தில் கவிழ்த்த ரிசீவர்

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கேமரன் மலையில் நான் ஒரு சதுரங்கப் போட்டி நடத்தினேன். ஆடியது மனிதர்கள் இல்லை, கம்ப்யூட்டர்கள். நாங்களே எழுதிய புரோகிராம்கள் ஒன்றோடு ஒன்று மோதும். மொத்தம் மூன்று பேர்: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியான நான், பிரிஞ்சாங்கில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், கோலா தெர்லாவில் ஒரு காய்கறி லோரி முதலாளி. மூன்றே பேரா என்று சிரிக்காதீர்கள். அமைப்பாளர், நடுவர், ஆட்டக்காரர் எல்லாம் நானே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் டெலிபோனை எடுத்துக்கொள்ளத் தோட்டத்து மேனேஜரான துரை அனுமதி கொடுத்திருந்தார். கம்ப்யூட்டரையும் அதற்குத் திரையாக வீட்டு டிவியையும் சுமந்துகொண்டு போவேன். என் மெஷின் காயை நகர்த்தியதும் அதை டெலிபோனில் சொல்ல வேண்டும், எதிராளி திருப்பிச் சொல்ல வேண்டும். நிறுவையில் நான் எடையைக் கூவினால் கொழுந்து பறித்தவர் அதையே திருப்பிச் சொல்வார். அந்த வழக்கத்தையே போட்டிக்கும் விதியாக்கிவிட்டேன்.

லோரி முதலாளி சொல்லிவிட்டு டப்பென்று வைத்துவிடுவார். டீச்சர் வைக்கமாட்டார். மெஷின் யோசிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை லைன் திறந்தே இருக்கும்.

“என்ன கிராணி, இன்னும் யோசிக்குதா?”

“யோசிக்குது டீச்சர்.”

“யோசிக்கட்டும், பாவம். நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

அடடா, அந்தக் கேள்வி! நெத்திலி சம்பலில் தொடங்கி ஊறுகாய் வரைக்கும் ஒப்பிப்பேன். ஒரு வாரம் புரோகிராமில் கைவைத்து, மெஷின் இன்னும் ஆழமாக யோசிக்கும்படி மாற்றினேன். ஜெயிப்பதற்கா? போங்கள்! கால் மணி அரை மணியானது.

கொதித்தது லோரி முதலாளிதான். “யோவ், உன் மெஷின் செத்துப்போச்சா? ஒரு மூவுக்கு அரை மணி நேரம்னா என் முட்டைக்கோஸ் அழுகிடும்லா! நீயெல்லாம் டோர்னமெண்ட் நடத்துற ஆளா?”

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். யாரைப் பார்த்து என்ன கேட்கிறார்? நான் யாரென்று காட்டுகிறேன் என்று ஈப்போவிலிருந்து இரண்டு மோடம் வரவழைத்தேன். அந்தக் காலத்து மோடத்தில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள் இருக்கும். டெலிபோன் ரிசீவரை அதில் கவிழ்த்துவிட்டால் கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் கீச்சிட்டுத் தாங்களே பேசிக்கொள்ளும், மனிதர் வாயே வேண்டாம். சோறு தண்ணீர் மறந்து அதற்கான புரோகிராமை எழுதினேன். ஒரு மோடத்தை அவர் லோரியிலேயே டீச்சர் வீட்டுக்கு அனுப்பினேன்.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிறு டீச்சர் சொன்னார், “வீட்டுல மாப்பிள்ளை பாக்குறாங்க கிராணி. அடுத்த ஞாயிறு சாயங்காலம் தாப்பாவிலருந்து யாரோ வர்றாங்க.”

டீச்சரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு எத்தனை மாத ஆசை! வாயில் வந்ததோ, “அப்படியா டீச்சர், குதிரை எஃப் த்ரீ.” அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஆட்டத்தின்போது எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தது. மடையன் நான், அன்றைக்கென்று பார்த்து மோடத்தை மாட்டினேன்.

பகல் ஒரு மணிக்கு ரிசீவரைக் கவிழ்த்தேன். கீச்சென்று சத்தம். பிரிஞ்சாங்கில் டீச்சரின் மெஷின் நகர்த்திய சிப்பாய் என் டிவியில் தானாக நகர்ந்தது! என் மெஷினின் பதில் தானாகவே போனது! மேசையைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். பேச வேண்டியதெல்லாம் ஆட்டம் முடிந்தபிறகு பேசிக்கொள்ளலாம், நடுவரே ஆட்டத்தைக் கெடுக்கலாமா?

முதல் மூன்று நகர்வுகள் மெஷின்களுக்கு மனப்பாடம், கால் மணியில் முடிந்தன. அதற்குப் பிறகு பதில் வரவில்லை. டீச்சரும் மெஷினை ஆழமாக யோசிக்க வைத்திருக்கிறார், கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன். அரை மணியானது. கிண்ணத்துக்குள் ஏதோ முணுமுணுத்தது. லைன் கோளாறு என்று நினைத்து ரிசீவரை இன்னும் அழுத்தி வைத்தேன்.

மணி இரண்டு. தாப்பாக்காரர்கள் மலையேறத் தொடங்கியிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ஆட்டமாவது மண்ணாங்கட்டியாவது! ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

“ஐயோ கிராணி! முக்கால் மணி நேரமா கத்திக்கிட்டு இருக்கேன்லா! காதுல உங்க மெஷின்தான் கீச்சு கீச்சுன்னுது!”

“ரிசீவரை எடுத்துட்டீங்களா டீச்சர்? அப்ப ஆட்டம்?”

“நான் தோத்துட்டேன்னு எழுதிக்குங்க. அஞ்சு மணிக்கு அவங்க வந்துருவாங்க. ஏதாச்சும் சொல்லணும்னா இப்ப சொல்லுங்க. இல்லன்னா வெச்சிடறேன்.”

“நான் நாலு மணிக்கு வரட்டுமா டீச்சர்? உங்க அப்பாவப் பாக்க?”

கேட்டேவிட்டேன். செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் சிரிப்பது கேட்டது.

“மூணரைக்கே வாங்க. தனியா வந்து நிக்காதீங்க, உங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

வீட்டுக்குத் தலைதெறிக்க ஓடினேன். அம்மா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, எழுந்திருங்க, பொண்ணு கேக்கப் போறோம்!”

சோப்பு நுரைக் கையோடு நிமிர்ந்தார். “எப்படா?”

“இப்பம்மா!”